முப்பது வருட அனுபவமுள்ள வள்ளக்காரன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிவதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. நான் ஒரு வள்ளம் ஓட்டினேன் என்று என் மகளிடம் பொய் சொன்னேன். சின்னப் பொய் இல்லை. மன்னார்க் கரையிலிருந்து இந்தியாப் பக்கத்து மணல்திட்டு வரைக்கும், பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைப் பல்லாலும் துணியாலும் திருத்தி, ஓட்டிப் போனேன் என்று சொன்னேன். உண்மையில் நான் அந்த வள்ளத்தின் அடியில் குந்தியிருந்து, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு, போன வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். அந்த வாளிகூட என்னுடையது இல்லை. இரவல்.

பொய் பிறந்தது ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், எங்கள் வீட்டுச் சமையலறையில். மகள் அப்போது நான்காம் வகுப்பு. தகப்பனைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தாள். கூடப் படிக்கிற ஒருத்தியின் தகப்பன் தீயணைப்புப் படையில் இருந்தான். இன்னொருத்தியின் தகப்பன் பல் வைத்தியன். நானோ சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் கதவைத் திறந்து மூட வைக்கிற பிணைச்சல் பூட்டுகிறவன். ஒரு நாளைக்கு எத்தனை பிணைச்சல் என்று ஐந்து நிமிடம் பேச முடியாது.

"அப்பா, நீங்கள் வள்ளத்திலதானே வந்தனீங்கள்? வள்ளத்தில என்ன செய்தனீங்கள்?" என்று பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

வாளி பிடித்தேன் என்று எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? ஓட்டினேன் என்றேன். ஓட்டினேன் என்று சொன்ன பிறகு எஞ்சின் தானாகவே நின்றுபோனது. நின்ற எஞ்சினை யாராவது திருத்தத்தானே வேண்டும்.

அந்த எஞ்சின் நின்றது மட்டும் உண்மை. திருத்தினது வேறு ஆள்.

அந்த வருடத் தமிழ்ப் பள்ளி விழாவில் அவள் அதே கதையை மேடையில் தமிழில் சொன்னாள். நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் கொலோனிலிருந்து வந்திருந்த அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை. அந்த வள்ளத்தை ஒழுங்கு செய்தவர் அவர்தான். எனக்கு முன்னால் இருந்து, நான் கடலுக்குள் விழாமல் என் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். மகள், நான் பல்லால் வயரைக் கடித்த இடத்துக்கு வந்தபோது அண்ணை கையிலிருந்த ரோல்ஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, என்னை ஒருதரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓட்டியிருக்கிறாய்," என்றார். மிச்ச ரோல்ஸையும் சாப்பிட்டார்.

அவ்வளவுதான். அவர் அதை உடைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருந்தோம். அப்போதே எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: ஒருவன் தன் கதையை எப்படிச் சொன்னாலும் மற்றவன் அதில் கை வைக்கக் கூடாது. பிறகு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது, சட்டம் மட்டும் மாறவில்லை. அதிலும் பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பனைத் திருத்துவது கொலைக்குச் சமம். இப்படி ஒருவர் கதையை ஒருவர் காவல் காத்து, ஜெர்மனி முழுக்க எத்தனை வீரர்களை வளர்த்துவிட்டோமோ தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஒரு செத்த வீட்டில் அண்ணை சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "அண்டைக்கு எங்களைக் கொண்டுவந்து இறக்கின ஓட்டி, திரும்பி வீட்டை போய்ச் சேரேல்லையாம். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை."

அந்த ஆளை எனக்கு முதுகாகத்தான் ஞாபகம். நாற்பது வயதிருக்கும். எங்களை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டு, வாளியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கி, அதைக் கடல் தண்ணீரில் அலசி வைத்துக்கொண்டு திரும்பினவர். அவருடைய பெயர் என்ன என்று அப்போதே அண்ணையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அந்த வேலையை நான் செய்யவில்லை என்று என் வாயாலேயே சொன்னது போல ஆகிவிடும். ஆகையால், தேத்தண்ணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

போன வருடம் எனக்கு அறுபது முடிந்தது. மகள் ஒரு கடித உறையைக் கையில் தந்தாள். அவள் இப்போது கொலோனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறாள். எதற்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. என்னை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிட்டாள். உறைக்குள் கிரேக்கத் தீவு ஒன்றுக்கு மூன்று பேருக்கான பயணச்சீட்டு. ஒரு காலத்தில் எரிமலை வெடித்து, நடுப்பகுதி முழுக்கக் கடலுக்குள் போய், விளிம்பு மட்டும் மிஞ்சி நிற்கிற தீவு. அதைச் சுற்றிவர எங்களுக்கென்று தனியாக ஒரு மோட்டார் படகு, அரை நாள், காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை.

"படகோட்டி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்றாள். "சின்னப் படகுதான், லைசென்ஸ் தேவையில்லை. நீங்களே ஓட்டலாம் அப்பா."

படகு வாடகைக்கான விண்ணப்பத்தைக் காட்டினாள். 'கடல் அனுபவம்' என்ற கட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் என்று எழுதியிருந்தாள்.

"நான் ஒரே ஒருக்காத்தானே பிள்ளை..."

"அடக்கமா இருக்காதேங்கோ."

மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அவள் என்னைக் கலியாணம் முடித்து விமானத்தில் வந்தவள். என் கடல் வீரத்தை மகள் வாயால் கேட்டு நம்பியவள். உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். கேக் வெட்டியிருந்தது, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், சிரித்து முடித்திருக்கலாம். நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எரிமலையை நம்பினேன். அந்தப் பக்கத்துக் கடலடி நடுங்குகிறது, ஆட்கள் தீவைவிட்டு வெளியேறுகிறார்கள் என்று ஒருமுறை செய்தியில் பார்த்திருந்தேன். ஞாயிறு பூசையில் எல்லோரும் சமாதானத்துக்காக மன்றாடும்போது நான் ஒரு சின்ன வெடிப்புக்காக மன்றாடினேன். யாருக்கும் காயம் வேண்டாம், துறைமுகத்தை மூடினால் போதும். கேட்கப்படவில்லை. மே மாதம் பக்கத்து ஊர் ஏரிக்குத் தனியே போய்ப் பழகிப் பார்த்தேன். அங்கே வாடகைக்கு இருந்தது அன்னம் போலச் செய்த மிதிபடகு ஒன்றுதான். அறுபது வயது ஆள் தனியாக ஒரு வெள்ளை அன்னத்துக்குள் இருந்து முக்கால் மணித்தியாலம் மிதித்தேன். அதிலும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

ஜூன் மாதம் அந்தக் கிரேக்கத் தீவின் கரையில் நின்றோம். படகு வாடகைக்குக் கொடுப்பவர் ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தில் பத்து வருடம் வேலை செய்தவர். எங்களோடு ஜெர்மனில் பேசினார். நான் சுக்கானைத் தேடினேன். காரில் இருப்பது போல ஒரு வளையம் இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது. நங்கூரம், வயர்லெஸ், எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்குகிற பொத்தான் என்று ஒவ்வொன்றாக அவர் காட்ட, மகள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். நான் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்தவன் அப்படித்தான் நிற்பான் என்று நினைப்பு.

கடைசியாக அவர் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பழக்கமில்லாத ஆட்களை அந்த வெளிச்சவீட்டைத் தாண்டிப் போக நான் விடுவதில்லை," என்றார். "அதற்கு அப்பால்தான் எரிமலையின் வாய். ஆழம் அதிகம், நங்கூரம் பிடிக்கிற இடம் குறைவு. ஆனால் உங்களுக்கு முப்பது வருடம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் உள்ளே போகலாம். ஒரு மணிக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள். காற்று இறங்கினால் அந்தக் குழிக்குள் சுழலும்."

அப்போதும் சொல்லியிருக்கலாம்.

முதல் ஒரு மணித்தியாலம் எந்தக் குறையும் இல்லை. சிவப்புப் பாறைச் சுவர் ஒன்று கரையோரமாகக் கூடவே வந்தது. அதன் கீழே போக வேண்டாம், கல் உதிரும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி கல் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் விழுந்தது. மனைவி செபமாலையை எடுத்துவிட்டாள். மகள் படம் எடுத்தாள்: வளையத்தைப் பிடித்துக்கொண்டு நான், கறுப்புக் கண்ணாடியோடு. அந்தப் படத்தில் நான் நிஜமாகவே ஒரு வள்ளக்காரன் போலத்தான் இருக்கிறேன்.

வெளிச்சவீட்டைத் தாண்டினோம். வளையத்துக்குப் பக்கத்தில் ஆழம் காட்டுகிற சின்னத் திரை ஒன்று இருந்தது. பன்னிரண்டு மீற்றர், முப்பது, எழுபது என்று ஏறிக்கொண்டு போய், நூற்றுக்கு மேலே எங்கேயோ இலக்கம் மறைந்தது. இலக்கம் இருந்த இடத்தில் மூன்று கோடுகள்.

"பழுதாப் போச்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. அடி தெரியேல்லை எண்டு அர்த்தம்," என்றாள் மகள், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுற்றிவர மலைச்சுவர். கறுப்பும் சாம்பலும் காய்ந்த இரத்தம் போன்ற சிவப்பும் அடுக்கடுக்காக. உச்சியில் வெள்ளை வீடுகள், கீழே பார்த்தபடி. கடல் அங்கே நீலமாக இல்லை; எண்ணெய் ஊற்றியது போலக் கறுத்து, அசையாமல் கிடந்தது. நடுவில் கரி கொட்டினாற்போல ஒரு சின்னத் தீவு. அதன் ஒரு பொந்துக்குள் தண்ணீர் துரு நிறமாக இருந்தது, கெட்ட முட்டை மணத்தது. கீழே இன்னும் ஏதோ வேகிறது என்று அர்த்தம். அங்கேதான் நங்கூரம் போட்டோம். மனைவி கட்லற்றையும் பாணையும் சீனிச்சம்பலையும் எடுத்து வைத்தாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. சோடாப் போத்தல் மூன்றையும் ஒரு பையில் போட்டு, படகிலிருந்த கயிறொன்றில் கட்டி, பின்பக்கத்தால் தண்ணீருக்குள் இறக்கினேன்.

"வள்ளக்காரர் இப்படித்தான் குளிராக்கிறது," என்றேன்.

மனைவி கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, தண்ணி சுடுதெல்லே?"

"மேலதான் சூடு. அடியில ஐஸ்."

எரிமலை வெந்நீரில் சோடாவைக் குளிரவைத்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அது போகட்டும். சாப்பிட்டோம், சிரித்தோம். பிறகு மகள் எழும்பி மலை விளிம்பைப் பார்த்து, "காத்து மாறுது, வெளிக்கிடுவம்," என்றாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவள் நங்கூரத்தை இழுத்தாள். நான் எஞ்சினைப் போட்டு, வீரமாக வேகக் கைபிடியை முன்னே தள்ளினேன். படகு ஒரே பாய்ச்சலில் பொந்துக்கு வெளியே ஆழத்துக்குப் போனது. பின்னால் தொண்டையில் எலும்பு சிக்கினது போல ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

சோடாக் கயிறு. அதை இழுத்தெடுக்க மறந்தே போனேன், எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது.

காற்று மேலேயிருந்து இறங்கியது. அந்தக் கறுப்புத் தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் சிலிர்த்தது. படகு பக்கவாட்டில் திரும்பி, தன்பாட்டில் பாறைக்கு நகரத் தொடங்கியது. அந்தப் பாறைகள் வழுவழுப்பான கடற்கரைப் பாறைகள் இல்லை. உடைந்த போத்தல் விளிம்பு மாதிரி. நங்கூரத்தைத் திரும்பப் போட்டோம். திரையில் மூன்று கோடுகள். கயிறு முழுக்க ஓடி முடிந்தும் அது எதையும் பிடிக்கவில்லை. மனைவியின் செபம் சத்தமாக வரத் தொடங்கியது.

மகள் என் பக்கம் திரும்பினாள். பயம் இருந்தது. ஆனால் அதைவிட அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அப்பா, அண்டைக்கு எஞ்சின் நிண்டபோது முதல் என்ன செய்தனீங்கள்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டும். இருபது வருடமாக அவளுக்கு நான் சொல்லிவைத்த மருந்து இதற்குத்தானே.

"ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

"என்ன?"

"நான் ஓட்டேல்லை பிள்ளை. திருத்தவும் இல்லை. கீழ இருந்து வாளிக்குள்ள சத்தி எடுத்துக்கொண்டு வந்தனான். வேற ஆள்."

சொல்லிக்கொண்டே நான் படகின் அடியில் குந்திவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கழித்தும் உடம்புக்குத் தன் இடம் தெரிந்திருந்தது.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய், கரையில் அந்த மனிதர் காட்டிய பொத்தானை அழுத்தி எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். "அம்மா, பாண் வெட்டுற கத்தி," என்றாள். மனைவி செபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு கத்தியைக் கொடுத்து, மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மகள் பின்பக்கத்தால் குப்புறத் தொங்கி, கயிற்றை அறுக்கத் தொடங்கினாள். நான் அவளுடைய கணுக்காலைப் பிடித்தேன். அவள் விழாமல் இருக்கவா, நான் விழாமல் இருக்கவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாறை எவ்வளவு கிட்டே வந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அதன் சத்தத்தைக் கேட்டேன்: தண்ணீர் பொந்துக்குள் போய், மூச்சு விட்டு வெளியே வருகிற சத்தம்.

எஞ்சின் மூன்றாவது தரம் பிடித்தது. வளையத்தை அவளே எடுத்தாள்.

வெளிச்சவீட்டை நோக்கித் திருப்பினாள். படகு குத்தி எழும்பியது, உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. திரையில் கோடுகள் போய், திரும்ப இலக்கம் வந்தது. அப்போது அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஆர் ஓட்டினது?"

"ஒரு வள்ளக்காரன். எங்களை இறக்கிப்போட்டுத் திரும்பிப் போனவர். போய்ச் சேரேல்லையாம்."

"அது எப்ப தெரியும்?"

"உனக்குப் பதினொரு வயதில."

"பேர் என்ன?"

"கேக்கேல்லை."

அவள் கைபிடியை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினாள்.

அன்று பின்னேரம் தங்கியிருந்த அறையில் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த வாளியெண்டாலும் உண்மையோ?"

"உண்மை. பச்சை நிறம்."

"அதையெண்டாலும் பிடிச்சீங்களே," என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் என்னை மன்னித்தது அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி இல்லை.

டூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் மகள் தாயைக் கட்டிப்பிடித்தாள், எனக்குத் தலையசைத்தாள், கொலோன் ரயிலுக்குப் போய்விட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் கைபேசிக்குத்தான் எடுப்பாள். முதல் ஞாயிறு தாயின் கைபேசி அடித்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவின் பிணைச்சல் நான் பூட்டினது, சத்தமே வராது. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். நான் அவளுக்கு ஒரு பகிடி எழுதி அனுப்பினேன். பார்த்தாள் என்று இரண்டு நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. தொழிற்சாலையில் ஒருநாள் கதவொன்றைத் தலைகீழாகப் பூட்டிவிட்டேன், பொறுப்பாளர், "காதலா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் ஞாயிறு யோசித்துப் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மனிதரின் பெயர். அதை மட்டும் வாங்கி, இந்தா பிள்ளை என்று கொடுத்துவிட்டால், அதிலிருந்து ஏதாவது பேசத் தொடங்கலாம். வெட்கம் இனி என்ன, அது கடலோடு போய்விட்டது. கொலோனுக்கு அண்ணைக்கு எடுத்தேன்.

"ஓம், சொல்லு தம்பி," என்றார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

"அண்ணை, ஒரு விஷயம். எங்களைக் கொண்டுவந்து இறக்கின அந்த ஓட்டி. உங்களுக்குப் பழக்கமான ஆள்தானே?"

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"எங்கட ஊர் ஆள். ஏன்?"

"பேர் என்ன அண்ணை? பிள்ளை கேட்டவள். நான்தான் சொல்ல வேணும்."

கதிரை நகர்த்துவது கேட்டது.

"உன்ர பிள்ளை போன சனிக்கிழமை இஞ்ச வந்தவள்," என்றார். "மூண்டு மணித்தியாலம் இருந்தவள். கொப்பியில எழுதினவள். அந்தாளின்ர பெண்சாதி எங்க இருக்கிறா, பிள்ளையள் எத்தினை பேர், எல்லாம் கேட்டவள். எனக்கே மறந்துபோனதுகளைக் கேட்டவள்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"ம்."

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ?"

"இல்லை."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். சமையலறைக்குள் மனைவி யாருடனோ மெதுவாகப் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை.

"சரி அண்ணை," என்றேன், சிரிக்கப் பார்த்து. "அப்ப எனக்கும் ஒருக்கா அந்தப் பேரைச் சொல்லிவிடுங்கோவன்."

"அவளிட்டக் கேள்."